கம்பியில்லா இணையமும் கடைமடை அறையும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர் ஒருவர்

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கண்ணுக்குத் தெரியாத கொடை மின்காந்த அலை. அது வானொலியாக வந்தது, தொலைக்காட்சியாக வந்தது, இன்று வைஃபை என்னும் பெயரில் நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. பழகிப்போன பொருளின் அருமை நமக்குத் தெரிவதில்லை. அது தடைப்படும்போது மட்டும் கோபம் வருகிறது. அப்படி வந்த கோபத்தில் நான் செய்த ஒரு தவற்றையும், அதை உணரவும் திருத்தவும் வகுப்பில் படித்த இயற்பியல் எவ்வாறு கைகொடுத்தது என்பதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

என் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை நாகை மாவட்டத்துக் கடைமடைப் பகுதியில் ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். மேட்டூரில் திறந்த தண்ணீர், ஆறும் வாய்க்காலும் கிளைவாய்க்காலும் கடந்து, மேலே உள்ளவர் வயலெல்லாம் நனைந்த பிறகு கடைசியாக வந்து சேரும் இடம்தான் கடைமடை. சில ஆண்டுகளில் வந்து சேராமலும் போகும். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

வழக்கு எழுந்த விதம்

எங்கள் விடுதி மாடியில் 12 அறைகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையும் 3 மீட்டர் அகலம். அறைக்கு இருவராக 24 பேர் தங்கியிருக்கிறோம். ஆளுக்கு மாதம் 40 ரூபாய் போட்டு ஓர் இணைய இணைப்பு வாங்கியிருந்தோம். வரிசையின் தொடக்கத்தில் உள்ள சிறிய அலுவலக அறையில், யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதே என்னும் முன்னெச்சரிக்கையோடு, இரும்புப் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் ரவுட்டரை வைத்தோம். என் அறையின் எண் 2.

பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டும் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். பாடக் காணொளி பாதியில் நிற்கும். முதலில் இணைப்புத் தந்த நிறுவனத்தின் மீது பழி போட்டோம். தொலைபேசியில் சண்டையும் போட்டோம். ‘எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது’ என்றார்கள். நாங்கள் நம்பவில்லை.

அடுத்து எங்கள் பார்வை 12ஆம் அறைமீது திரும்பியது. அங்கிருந்த முதலாமாண்டுத் தம்பி ஒருவன் இரவுதோறும் வராந்தாவில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பான். ‘இவன்தான் படம் படமாக இறக்குகிறான், அதனால்தான் நமக்கு வருவதில்லை’ என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆமோதித்தோம். கூட்டம் போட்டு முடிவு செய்தோம். கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன். கடவுச்சொல் மாற்றப்பட்டது. புதிய சொல் அவனுக்கு மட்டும் தரப்படவில்லை. ‘சரிண்ணா’ என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மூன்றாம் நாள் இரவு 8 மணிக்கு இணைப்பு முன்போலவே அறுந்தது.

அதன் பிறகுதான் விசாரித்தேன். அவன் படம் எதையும் இறக்கவில்லை. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் ஏற்ற முயன்றுகொண்டிருந்தான். பாதி ஏறும்போது அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடவுச்சொல் மறுக்கப்பட்ட பின், கடைசி நாளன்று வகுப்பை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துப் பிரௌசிங் சென்டரில் வரிசையில் நின்று அந்த வேலையை முடித்திருக்கிறான். அந்த உதவித்தொகை வராவிட்டால் அவன் படிப்பு நின்றிருக்கும். என் படிப்பும் அதே உதவித்தொகையில்தான் நடக்கிறது.

அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன குற்றம் என்னை உறுத்தியது. ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள், பிறகு முடிவைச் சொல். அந்த முறைப்படி விடுதி இணையத்தை ஆராய்வது என்று தீர்மானித்தேன்.

அலையின் இயல்பு

சோதனைக்குள் புகுமுன் இந்த அலையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நலம். மாக்ஸ்வெல் 1865ஆம் ஆண்டு கணிதத்தால் காட்டிய மின்காந்த அலையை, 1880களின் பிற்பகுதியில் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். 1895ஆம் ஆண்டு நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் இவ்வலையைச் சுவர் கடந்து செல்லவிட்டு, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். இன்று சுவர் கடந்து நம் கைப்பேசிக்கு வருவதும் அந்த இனத்து அலையே.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு பட்டைகளில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 செ.மீ. நீளம் கூடிய அலை சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும். குறைந்த அலை வேகத்திற்கு ஏற்றது. ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இரும்பு இரண்டையும் திருப்பி அனுப்பும். தண்ணீர் இரண்டையும் உறிஞ்சும்.

2005ஆம் ஆண்டு இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. எனவே அது ஊர்ப்பொது நிலம் போன்றது. நம் விடுதிக்கும் எதிர்வீட்டுக்கும் முனைக்கடைக்கும் அதில் சம உரிமை உண்டு. பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அதுவும் இதே பட்டையில்தான், 2,450 மெகாஹெர்ட்ஸில், வேலை செய்கிறது.

ஒருவர் பேச மற்றவர் காத்திருக்க

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ரவுட்டர் 24 பேருடனும் ஒரே நேரத்தில் பேசுவதாக நாம் நினைக்கிறோம். எங்களுடையதைப் போன்ற சாதாரண ரவுட்டர்களில் அவ்வாறு நடப்பதில்லை. ஒரு கணத்தில் ஒரு கருவிதான் பேசும், மற்றவை காத்திருக்கும். கணங்கள் மிகச் சிறியவை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இதன் மூதாதை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971ஆம் ஆண்டு இயக்கிய ‘அலோஹா’ வலையமைப்பு. அதில் எவரும் நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் கெடும். சிறிது நேரம் கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். இம்முறையில் வாய்க்காலின் முழுத் திறனில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன் பெற முடியாது என்பது கணிதம் காட்டும் உண்மை. 1997ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட வைஃபை முறையில் ஒரு நல்லொழுக்கம் சேர்ந்தது. பேசுமுன் ஒவ்வொரு கருவியும் காதுகொடுத்துக் கேட்கும். வேறு யாரேனும் பேசினால் காத்திருக்கும். எங்கள் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிக்னல் வலுவாக இருப்பவன் வேகமாகப் பேசி முடிப்பான். மெலிந்த இடத்தில் இருப்பவனின் கருவி, பிழை நேராமலிருக்க, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசும். 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் 12,000 பிட்டுகள் உள்ளன. நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 0.22 மில்லிநொடி போதும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 12 மில்லிநொடி ஆகும். ஒரே அளவு செய்திக்கு 54 மடங்கு நேரம்! அந்த நேரம் முழுவதும் மற்றவர் காத்திருக்க வேண்டும். செய்தி கெட்டு மறுபடி அனுப்ப நேர்ந்தால் காத்திருப்பு இன்னும் நீளும். ஆகவே வரிசைக் கடைசியில் ஒருவன் துன்பப்பட்டால் வரிசை முழுவதும் துன்பப்படும்.

சோதனைகள்

முதற்சோதனை, குறை வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது. இதற்குப் ‘பிங்’ என்னும் சிறு நிரல் உதவியது. 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் எழுதிய இந்நிரல், நீர்மூழ்கியின் ஒலிமானி எழுப்பும் ஓசையைப் பெயராகக் கொண்டது. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, விடை வந்ததா, எத்தனை மில்லிநொடியில் வந்தது என்று சொல்லும். இரவு 8.30 மணிக்கு நண்பரின் மடிக்கணினியைக் கம்பி வழியாக ரவுட்டரோடு இணைத்து, வெளியுலக முகவரி ஒன்றுக்கு 100 செய்திகள் அனுப்பினேன். 100க்கும் விடை வந்தது. ஆக, நிறுவனத்தார் சொன்னது மெய். நாங்கள் போட்ட சண்டை வீண். பிறகு 12ஆம் அறையிலிருந்து கம்பியில்லாமல், வெளியுலகுக்கு அல்ல, எங்கள் ரவுட்டருக்கே 100 செய்திகள் அனுப்பினேன். 31 செய்திகள் தொலைந்தன. பழுது எங்கள் வராந்தாக் காற்றில்தான் என்பது உறுதியாயிற்று.

இரண்டாம் சோதனை, சிக்னல் வலிமை. கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது, அவை மேலோட்டமானவை. வலிமையை டி.பி.எம். என்னும் அலகில் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. 1 மில்லிவாட் என்பது 0. ஒவ்வொரு 10 குறையும்போதும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். நான் கண்ட அளவுகள் இவை:

1ஆம் அறை: −48
4ஆம் அறை: −61
8ஆம் அறை: −74
12ஆம் அறை: −86

முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் வேறுபாடு 38. அதாவது முதல் அறைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ 6,300இல் ஒரு பங்குதான் கடைசி அறைக்குக் கிடைக்கிறது. தொலைவினால் மட்டும் இவ்வளவு குறையுமா? ரவுட்டரிலிருந்து முதல் அறை 3 மீட்டர், கடைசி அறை 36 மீட்டர், 12 மடங்கு. எதிர்த்தகவு இருமடி விதிப்படி ஆற்றல் 144இல் ஒரு பங்காக வேண்டும். மீதி 44 மடங்கு இழப்பு எங்கே போயிற்று? இடையிலுள்ள சுவர்களும், வராந்தாப் பக்கத்தை மறைத்து நின்ற பீரோவும் அதை விழுங்கியிருந்தன. கைப்பேசி ரவுட்டரைவிடக் குறைந்த ஆற்றலில் பேசும் கருவி. எனவே இறக்குவதைவிட ஏற்றுவதுதான் முதலில் தடைப்படும். சான்றிதழ் ஏறாததன் காரணம் இதுவே.

மூன்றாம் சோதனை, அண்டை வீட்டு அலைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை தடங்கள் உள்ளன. அடுத்தடுத்த தடங்களின் மையங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் ஒரு தொடர்புக்கு ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை பொதுவாக 1, 6, 11 ஆகிய மூன்றே. இரவில் செயலியைத் திறந்து பார்த்தபோது, எதிர்வரிசை வீடுகள் 6ஆம் தடத்திலும் 11ஆம் தடத்திலும் இருந்தன. எங்கள் ரவுட்டர் 8இல் நின்று இரண்டோடும் உரசிக்கொண்டிருந்தது. ஒரே தடத்தில் இருந்தாலாவது ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறை காப்பர். பாதி உரசும் தடத்தில் எதிராளியின் பேச்சு வெறும் இரைச்சலாகவே கேட்கும். பகலில் அவ்வீட்டார் வேலைக்குச் சென்றுவிடுவர். இரவு 8 மணிக்கு எல்லாரும் வீட்டில். எங்கள் 24 பேரும் அறையில். 8 முதல் 10 வரை என்ற புதிர் இவ்வாறு விடுபட்டது.

தம்பி கண்ட உண்மை

அளவு எடுக்க நான் 12ஆம் அறைக்குச் சென்றபோது அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ‘அண்ணா, மூணாவது தூண்கிட்ட வச்சா வரும். ரெண்டு மூணு விரற்கடை நகத்துனா போயிரும்’ என்றான். முன்பு இதே பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிக்கவில்லை. நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் கூடும்போது சில இடங்களில் வலுக்கும், சில இடங்களில் அழியும். வலுக்கும் இடத்துக்கும் அழியும் இடத்துக்கும் இடைத்தொலைவு அலைநீளத்தில் கால் பங்கு. அதாவது சுமார் 3 செ.மீ. அவன் சொன்ன இரண்டு மூன்று விரற்கடை அதற்கு வெகு அருகில் வருகிறது. குறுக்கீட்டு விளைவைப் பற்றித் தேர்வில் விடை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், அதை இரவுதோறும் கையில் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

இன்னோர் உண்மையும் புலப்பட்டது. 12ஆம் அறைக் கைப்பேசியின் பேச்சு என் 2ஆம் அறைக் கைப்பேசியின் காதுக்கு எட்டாது. எனவே அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கருவி, யாரும் பேசவில்லை என்று எண்ணிப் பேசத் தொடங்கும். ரவுட்டருக்கு அருகிலுள்ள என் குரல் வெல்லும். அவன் செய்தி கெடும். அவன் என் இணையத்தைப் பறிக்கவில்லை. நான்தான் அறியாமலே அவன் முறையைப் பறித்துக்கொண்டிருந்தேன்.

அவனை நீக்கியும் பயன் விளையாதது ஏன் என்பதும் விளங்கியது. 12ஐ நீக்கினால் 11 கடைசி அறையாகும். 11ஐ நீக்கினால் 10. கடைமடையை வெட்டிவிட்டால் அதற்கு முந்திய வயல் கடைமடையாகுமே தவிர, வாய்க்கால் சீராகாது.

பழுது நீக்கம்

செய்தவை நான்கு. ஒன்று: மூத்த மாணவர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய ரவுட்டரை, 6ஆம் அறைக்கும் 7ஆம் அறைக்கும் நடுவே, வராந்தாச் சுவரில் 7 அடி உயரத்தில் பொருத்தினோம். அலுவலக அறைப் பெட்டியிலிருந்து அதுவரை கம்பி இழுத்தோம். இவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை தளராமல் செய்தி கொண்டு செல்லும். இரண்டு: பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட்டோம். ஒரு வலையமைப்பில் முகவரி வழங்குபவர் ஒருவரே இருக்க வேண்டும். இருவர் இருந்தால் குழப்பம். மூன்று: அலுவலகப் பெட்டியின் அலையை அணைத்துவிட்டு, புதிய இடத்து ரவுட்டரை 1ஆம் தடத்தில் வைத்தோம். நான்கு: அதன் ஆன்டெனாக்களைச் செங்குத்தாக நிறுத்தினோம். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் மிகுதியாக வீசும். நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் ஓர் இரவு பொறுத்து அளந்தேன். மொத்தச் செலவு 480 ரூபாய், ஆளுக்கு 20. தம்பி தன் 20 ரூபாயை முதல் ஆளாகத் தந்தான். ஏணி பிடித்தவனும் அவனே.

இறுதி அளவு: 12ஆம் அறை −67; 1ஆம் அறை −66. இரவு 8.30 மணிக்கு 12ஆம் அறையிலிருந்து அனுப்பிய 100 செய்திகளில் தொலைந்தவை 2. இதில் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. 1ஆம் அறையின் சிக்னல் −48இலிருந்து −66க்கு இறங்கிவிட்டது. ஆனால் அந்த அறைக்காரர் இருவருக்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது தேவைக்கு மிஞ்சியது. அதே அளவு 12ஆம் அறைக்குக் கிடைத்தபோது அது விண்ணப்பமாக, பாடமாக, வீட்டாரின் முகமாக மாறியது.

தோழர்கள் கைக்கொள்ளத்தக்க முறை

இதே தொல்லை உள்ளவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் ஆராயலாம்.

1. எந்த நேரத்தில், எந்த இடத்தில் அறுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பாதிப் பதில் அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும்.

2. ரவுட்டரின் விளக்குகள் தாமாக அணைந்து எரிகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் பழுது அலையில் அன்று; மின்சாரம் தரும் அடாப்டரிலோ, கருவி சூடேறுவதிலோ இருக்கலாம்.

3. முதலில் கம்பி வழியாகச் சோதியுங்கள். கம்பியிலும் அறுந்தால் நிறுவனத்தாரை அழையுங்கள்.

4. எண் முகவரிக்கு விடை வந்து, பெயர் முகவரிக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் கோளாறு.

5. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். தொடர்பைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். அதன் பின்னும் வராவிட்டால் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள்.

6. ஒவ்வோர் அறையிலும் வலிமையை அளந்து அட்டவணையிடுங்கள். −70க்குக் கீழே போனால் தொல்லை தொடங்கும். −80க்குக் கீழே இணைப்பு இருந்தும் இல்லாததே.

7. 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டருக்கு மிக அருகில் இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொண்டால் மற்றவருக்கு இடம் கிடைக்கும்.

8. ரவுட்டர் பயனாளர்களின் நடுவில், உயரத்தில், இரும்பும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில் இருக்கட்டும்.

இவை அனைத்தையும் செய்து முடிக்கும் வரை எந்த மனிதன் மீதும் குற்றம் சாட்டாதீர்கள்.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இந்தக் கதையை என் தந்தையிடம் சொன்னேன். டெசிபல் அவருக்குப் புரியாது. ஆனால் கதை புரிந்தது. ‘வாய்க்கா தலைப்புல இருக்கறவன், தண்ணி வரலைன்னா கடைமடைக்காரன் திருடுறான்னுதான் சொல்லுவான். அவன் ஒரு நாளும் வாய்க்காலோட நடந்து வந்து பாக்க மாட்டான்’ என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கடைமடைக்காரர் மகன் 2ஆம் எண் அறைக்கு வந்தவுடன் தலைப்புக்காரனாகிவிட்டேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பொதுவான ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் குறை நேர்வது இயல்பு. அப்போது வராந்தாவின் கடைசி வரை ஒரு முறை நடந்து போய் அளந்து பார்ப்போம். விஞ்ஞானம் படிக்கும் நமக்கு அதுவே முதற் கடமை.